கடைமடைக்குப் போய்ச் சேரும் இணையதளம்: புதிதாக அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் பஸ்ஸில் ஒரு மதிய வேளை. பக்கத்து இருக்கையிலிருந்த பெரியவர், "தம்பி, பேனா இருக்கிறதா?" என்று கேட்டார். அவர் கையிலிருந்த போனில் பாரம்பரிய நெல் விதை விற்கும் ஒருவருடைய இணையதளம் திறந்திருந்தது. பச்சை வயல் படம். அதன்மேல் மெல்லிய மஞ்சள் எழுத்தில் ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணை விரலால் தொட்டார். அழைப்புப் போகவில்லை. அழுத்திப் பிடித்தார். நகலெடுக்கவும் வரவில்லை. எண் எழுத்தாக இல்லை. படத்தோடு படமாகப் புதைந்திருந்தது. கடைசியில் போனைக் கண்ணருகே கொண்டுபோய், இலக்கம் இலக்கமாகப் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஓரிடத்தில், "இது மூன்றா, எட்டா?" என்று என்னிடம் காட்டினார். எனக்கும் தெரியவில்லை.

மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கியே தீருவது என்று தேடி வந்தவர் அவர். காசு கையில், ஆள் வாசலில். இப்படி ஒருவர் வந்ததும், வந்த வேலை முடியாமல் நின்றதும் விற்பவருக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. கடையாக இருந்தால் திரும்பிப் போகிறவரின் முதுகாவது தெரியும்.

அந்தத் தளத்தை அமைத்தவர் அக்கறை இல்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. படம் நல்ல படம். நிறங்களும் யோசித்துத் தேர்ந்தவைதான். 'வடிவமைப்பு' என்றால் என்ன என்பதில்தான் கோளாறு. நம் ஊர்ப்பக்கம் இந்தச் சொல்லைப் பொத்தாம்பொதுவாகப் பயன்படுத்துகிறோம். 'வெப்சைட் நன்றாக இருக்கிறது' என்றால் நிறம் எடுப்பாக இருக்கிறது, படம் பெரிதாக இருக்கிறது, ஏதோ அசைகிறது என்று பொருள். நான் கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகையும் துண்டறிக்கையும் வடிவமைக்கும் வேலையிலிருந்து இணையதள வேலைக்கு வந்தவன். அச்சுக்குப் பழகிய கண் எந்தெந்த இடத்தில் தவறான பக்கம் இழுக்கும் என்பதைச் சிறு கடைகளுக்குத் தளம் அமைத்துக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல்முறையாகத் தளம் அமைக்கிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

## பத்திரிகை அல்ல, மளிகைப் பட்டியல்

கல்யாணப் பத்திரிகை அச்சகத்திலேயே முடிந்துவிடுகிற பொருள். ஆயிரம் பிரதி அடித்தால் ஆயிரமும் ஒன்றுபோல இருக்கும். சீர்காழியில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் அதே தாள், அதே எழுத்து. இணையதளத்தையும் இப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம்: நாம் ஒரு படம் செய்து வைக்கிறோம், வருகிறவர் அந்தப் படத்தைப் பார்க்கிறார் என்று. நடப்பது வேறு.

கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசினால், முதலில் அவர் ஒரு நீண்ட மளிகைப் பட்டியல் எழுதிக் கொடுப்பார். அது சாப்பாடு அல்ல, சாப்பாட்டுக்கான குறிப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு காய்கறி ஓரிடம், பால் ஓரிடம், இலை ஓரிடம் என்று வாங்கி வர வேண்டும். சமையல் நடப்பது மண்டபத்தில், அங்கே இருக்கிற அடுப்பில். இணையப் பக்கமும் இந்த மாதிரிதான் உருவாகிறது.

ஒருவர் உங்கள் முகவரியைத் தட்டியதும் அவர் போனிலுள்ள உலாவி, அதாவது குரோம், சஃபாரி போன்று இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலி, உங்கள் பக்கம் வைக்கப்பட்டிருக்கும் கணினியிடம் போய்க் கேட்கிறது. கேட்பவருக்குப் பக்கத்தை அனுப்பிவைப்பதையே வேலையாகக் கொண்ட அந்தக் கணினிக்குப் பெயர் சர்வர். சர்வர் முதலில் அனுப்புவது வெறும் எழுத்தாலான ஒரு பட்டியல். 'இது தலைப்பு, இது பத்தி, இங்கே ஒரு படம் வரும்' என்று பக்கத்தின் உறுப்புகளைக் குறித்துக்காட்டும் அந்தப் பட்டியலின் மொழிதான் எச்டிஎம்எல். 'தலைப்புக்கு இந்த நிறம், பத்திகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி' என்று தோற்றத்தைச் சொல்லும் துணைப்பட்டியல் சிஎஸ்எஸ். உலாவி இவற்றைப் படித்து, அவற்றில் சொல்லியிருக்கும் ஒவ்வொரு படத்தையும் ஒவ்வோர் எழுத்துருவையும் தனித்தனியே கேட்டு வரவழைத்து, அந்தப் போனுக்குள்ளேயே பக்கத்தைக் கட்டி முடிக்கிறது.

டிம் பெர்னர்ஸ்-லீ என்ற கணினி அறிஞர் 1989இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இணையப் பக்கங்களின் இந்த வலையை, அதாவது வேர்ல்ட் வைட் வெப்பை, முன்மொழிந்தபோது இருந்த தேவையே அதுதான். வெவ்வேறு வகைக் கணினிகளில் வேலை செய்தவர்கள் ஒரே தகவலை அவரவர் கணினியிலேயே படிக்க வேண்டியிருந்தது. எல்லார் திரையிலும் அச்சுப்போல ஒரே தோற்றம் வர வேண்டும் என்று யாரும் அப்போது கேட்கவில்லை.

இதன் விளைவை டெல்டாவில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. வழக்கமான தேதியான ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தால் அது செய்தி. பேராவூரணியிலும் வேதாரண்யத்திலும் கடைமடையில், அதாவது வாய்க்கால் முடியும் இடத்தில், இருக்கிற விவசாயி அன்றும் காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார். வயலில் ஈரம் படும்வரை அவரைப் பொறுத்தமட்டில் தண்ணீர் வரவில்லை. தளம் அமைக்கிறவர் இருப்பது மேட்டூரில்: பெரிய திரை, வேகமான வைஃபை, மின்விசிறிக்குக் கீழே நிழலான அறை. பார்க்க வருகிறவர் இருப்பது கடைமடையில்: கைக்கடக்கமான போன், ஒரு கோடு சிக்னல், தலைக்குமேல் வெயில். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அணையடியில் நின்றபடி 'தண்ணீர் போகிறது' என்று முடிவுகட்டுவதால் வருபவை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: இணையப் பக்கம் படம் அல்ல, குறிப்பு. அது உருவாவது பார்ப்பவரின் போனில். ஆகவே அந்தப் போனும் அங்கே கிடைக்கும் சிக்னலும் சேர்ந்துதான் அதன் தோற்றத்தை முடிவு செய்கின்றன.

## எழுத்தைப் படமாக்குவது

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு இது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல கடைகளில் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காகச் செய்த துண்டறிக்கை ஒன்று தயாராக இருக்கும். கடைப் பெயர், சாமி படம், பொருள் பட்டியல், விலை, போன் எண் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். தளம் தொடங்கும்போது அதையே தூக்கி முதல் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். நம் கண்ணுக்கு அதில் எழுத்து இருக்கிறது. உலாவிக்கு அதில் எழுத்தே இல்லை, நிறப்புள்ளிகள்தான் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் புகைப்படம் எடுத்து வைத்திருப்பதற்கும், அதைப் படித்து வரிவரியாகத் தட்டச்சு செய்து வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. புகைப்படத்துக்குள் ராஜராஜன் பெயரைத் தேட முடியாது. தட்டச்சு செய்த பக்கத்தில் ஒரு நொடியில் தேடிவிடலாம்.

தேடுபொறிக்கும் இதே நிலைதான். 'கருப்புக் கவுனி விதை திருத்துறைப்பூண்டி' என்று ஒருவர் தேடினால், அந்தச் சொற்களை எழுத்தாகவே வைத்திருக்கும் பக்கத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி புதிய போன்கள் சிலவற்றில் வந்துவிட்டது. ஆனால் வருகிறவரிடம் அந்தப் போன்தான் இருக்கும், அவருக்கு அந்த வசதி தெரிந்திருக்கும் என்று நம்பிக் கடை விரிக்க முடியாது.

பார்வையற்றவர்களும் போன் பயன்படுத்துகிறார்கள். திரையிலிருக்கும் எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் இன்றைய ஸ்மார்ட்போன்களில் பெரும்பாலும் உண்டு. துண்டறிக்கைப் படத்துக்கு முன் அது வாயடைத்து நிற்கும். அதனால்தான் படம் வைக்கும்போது, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரியில் எழுதிவைக்க எச்டிஎம்எல்லில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு மாற்று உரை என்று பெயர். 'படம் 1' என்று எழுதினால் பயனில்லை. 'அன்னம் வைத்த மூன்றடிப் பித்தளைக் குத்துவிளக்கு' என்று எழுதினால் பார்க்க முடியாதவருக்கும் விளக்கு தெரியும். அதோடு, பக்கத்தின் மொழி எது என்று எச்டிஎம்எல்லின் தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் மாதிரிப் பக்கங்களில் அங்கே ஆங்கிலம் என்று இருக்கும். நம்மவர்கள் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். திரைவாசிப்பான் எந்த மொழிக் குரலில் படிக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

அச்சகத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் முகமூடி மாட்டிக் காட்டும் வேலையைத்தான் அந்த எழுத்துரு செய்கிறது. அது இல்லாத போனில் முகமூடி கழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் மிஞ்சும். யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கொடுத்திருக்கும் பொதுக் குறியீட்டு முறை. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்று ஆணையிட்டது. பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டுகிறவர்கள் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தொலைபேசி எண்ணை எழுத்தாக வைத்தால் மட்டும் போதாது. தொட்டதும் அழைப்புப் போகும்படி அதை இணைப்பாக்க ஒரே வரி எச்டிஎம்எல் போதும். எனக்குத் தெரிந்து ஒரு கடையின் தளத்தில் செய்யக்கூடிய ஐந்து நிமிட வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை.

உங்கள் தளத்தைச் சோதிக்க எளிய வழி: போனில் திறந்து, ஒரு சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சொல் நிறம் மாறித் தேர்வானால் அது பெரும்பாலும் எழுத்துதான். எதுவும் நடக்கவில்லை என்றால் அது படமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

## படத்தின் எடை

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்குப் பக்கம் அமைத்தபோது, பன்னிரண்டு விளக்குகளின் படங்களை அனுப்பினார்கள். பட்டறைக்காரரின் மகள் போனிலேயே எடுத்த படங்கள். பித்தளைத் தண்டில் வெளிச்சம் எங்கே விழுந்தால் கடைசல் தெரியும் என்பது அந்தப் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அவ்வளவு நேர்த்தியாக எடுத்திருந்தார். ஒவ்வொன்றும் 5 எம்பி. பன்னிரண்டும் சேர்ந்து 60 எம்பி.

இணைய வேகத்தை எம்பிபிஎஸ் என்று சொல்கிறார்களே, அதிலுள்ள 'பி' என்பது பிட். கோப்பின் எம்பியிலுள்ள 'பி' என்பது பைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக 60 எம்பி என்பது 480 மெகாபிட். சிக்னல் குறைந்த இடத்தில் நொடிக்கு 4 மெகாபிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் அத்தனை படமும் வந்து சேர 120 நொடி, அதாவது இரண்டு நிமிடம். பக்கத்தின் முதன்மையான பகுதி இரண்டரை நொடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்.

படத்தைச் சுருக்கினால் தெளிவு போய்விடுமே என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். படமும் திரையும் சின்னஞ்சிறு நிறப்புள்ளிகளால் ஆனவை. ஒரு புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். அந்த விளக்குப் படங்கள் ஒவ்வொன்றும் 3000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம்: மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அதைப் பார்க்கும் போன் திரையின் அகலமோ பெரும்பாலும் 1080 பிக்சல் அளவில்தான். 900க்கு 1200 என்று சுருக்கினால் 10 லட்சத்து 80 ஆயிரம் புள்ளி. பதினொன்றில் ஒரு பங்கு. பன்னிரண்டு படங்களையும் இப்படிச் சுருக்கியபோது ஒவ்வொன்றும் 200 கேபி, அதாவது 0.2 எம்பி, அளவுக்கு வந்தது. அந்தப் பெண்ணிடம் பழைய படத்தையும் புதிய படத்தையும் இரண்டு போன்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. பெரிய படத்தை ஏற்றிவிட்டு, பக்கத்தில் அது சிறிதாகத் தெரியும்படி சிஎஸ்எஸ்ஸில் அளவைக் குறைத்துவிட்டு, சுருக்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒருபடி அரிசி வேண்டும் என்பவர் வீட்டுக்கு முழு மூட்டையையும் சுமந்து போய், ஒருபடி அளந்து கொடுத்துவிட்டு மீதியைத் திண்ணையில் போட்டுவிட்டு வருவது அது. சுமை குறையவே இல்லை. ஏற்றுவதற்கு முன்பே சுருக்க வேண்டும்.

புகைப்படத்துக்கு ஜேபெக் வடிவம் ஏற்றது. 2010இல் கூகுள் அறிமுகப்படுத்திய வெப்பி வடிவத்தில் பெரும்பாலும் கோப்பு இன்னும் சிறிதாகும். பிஎன்ஜி வடிவத்தைச் சின்னங்களுக்கும் கோட்டுப் படங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தை அதில் சேமித்தால் எடை கூடிவிடும். படத்தின் நீள அகலத்தையும் எச்டிஎம்எல்லில் குறித்துவிட வேண்டும். குறிக்காவிட்டால் உலாவி அதற்கு இடம் ஒதுக்காமல் எழுத்தை முதலில் அடுக்கிவிடும். படம் வந்ததும் எழுத்தெல்லாம் சடாரென்று கீழே தள்ளப்படும். சாப்பிடக் கை நீட்டும் நேரத்தில் இலையைப் பிடித்து இழுப்பது போன்ற எரிச்சல் அது.

சுருக்கமாக, படத்தை ஏற்றுவதற்கு முன்பே அகலத்தைக் குறையுங்கள், ஏற்ற வடிவத்தில் சேமியுங்கள், நீள அகலத்தைச் சொல்லிவிடுங்கள்.

## திரையின் அகலமும் விரலின் அகலமும்

போன் உலாவிகளுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. வேறு குறிப்பு எதுவும் இல்லாத பக்கத்தைக் கண்டால், அது பெரிய கணினிக்காகச் செய்தது என்று எண்ணி, அந்தப் பெரிய திரைக்கேற்ற அகலத்தில் அடுக்கி, பிறகு மொத்தத்தையும் திரைக்குள் அடங்கும்படி சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு வரிசையாகிவிடும். 'திரையின் அகலமே பக்கத்தின் அகலம்' என்று உலாவிக்குச் சொல்லும் ஒருவரிக் குறிப்பு இதைத் தடுக்கும். வியூபோர்ட் குறிப்பு என்று அதைச் சொல்வார்கள். அதற்குமேல், திரை அகலமாக இருந்தால் படங்கள் பக்கம் பக்கமாகவும், குறுகலாக இருந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் வரும்படி எழுத முடியும். பாத்தி பெரிதோ சிறிதோ, தண்ணீர் அதற்கேற்பப் பரவுவதைப் போல. இந்த முறைக்கு 2010இல் ஈதன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பு என்று பெயர் வைத்தார். இன்று கிடைக்கும் ஆயத்த வார்ப்புகளில், அதாவது மாதிரிப் பக்கங்களில், பெரும்பாலானவை இதைத் தாமாகவே செய்துவிடும்.

ஆனால் அந்த வார்ப்புகள் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. தமிழை உள்ளே வைத்ததும் வேறு சிக்கல்கள் தலைதூக்கும். இதைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

முதலாவது, நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலச் சொல்லுக்காக அளந்த பொத்தானில் 'தொடர்புகொள்ளுங்கள்' என்று எழுதினால் பாதி வெளியே தொங்கும். எழுத்தைச் சிறிதாக்கித் திணிப்பதைவிடச் சொல்லை மாற்றுவது மேல். 'அழைக்க' என்று எழுதினாலே போதும். அடுத்தது வரி இடைவெளி. 'கீ', 'டூ', 'ஞூ' போன்ற எழுத்துகளில் கொக்கி மேலேயும் சுழி கீழேயும் நீளும். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் தமிழ் வரிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எழுத்தின் அளவைப்போல 1.6 முதல் 1.8 மடங்கு வரி உயரம் வைத்தால் கண்ணுக்கு இதமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று எங்கள் அச்சுத்தொழிலின் பழக்கம்: இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி வரிகளைச் சமன்செய்வது. புத்தகத்தில் அது அழகு. போனின் குறுகிய திரையில் வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும். நடுவில் கிடக்கும் வெற்றிடம் கோடைக்கால வாய்க்கால் போல வரிக்கு வரி பிளந்து இறங்கும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

விரலுக்கும் அகலம் உண்டு. தொடக்கூடிய எந்தப் பொத்தானும் குறைந்தது 44 பாயின்ட் அளவு இருக்கட்டும் என்கிறது ஆப்பிள் (இது மேலே சொன்ன பிக்சல் அல்ல, வேறோர் அலகு). கூகுளின் அளவு, அதன் சொந்த அலகில், 48. கூகுள் சொல்லும் அளவு திரையில் சுமார் 9 மில்லிமீட்டர் வரும். கிட்டத்தட்டச் சுண்டுவிரல் நகத்தின் அகலம். மண்வெட்டி பிடித்துத் தடித்த விரலை நினைத்துக்கொண்டு பொத்தான் செய்யுங்கள்.

## மஞ்சளும் சிவப்பும்

மங்கல காரியத்துக்கு மஞ்சள் தாள், குங்குமச் சிவப்பு எழுத்து. நம் வழக்கம் இது. கடைப் பலகை வரை இந்த இணைதான். தளத்திலும் இதையே கேட்கிறார்கள், அதில் தவறேதும் இல்லை. ஆனால் பலகையில் எழுத்து ஓரடி உயரம். போனில் அரிசி அளவு.

எழுத்தின் நிறத்துக்கும் பின்னணி நிறத்துக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஓர் எண்ணாகச் சொல்ல முடியும். இதை நிறமாறுபாட்டு விகிதம் என்பார்கள். இரண்டும் ஒரே நிறமானால் 1. வெள்ளையில் கருப்பானால் 21. இணையத்தின் பொதுநெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும் என்கிறது. தூய மஞ்சளில் தூய சிவப்பை வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 3.7 வருகிறது. தலைப்புக்குத் தேறும்; விலைப்பட்டியலுக்குத் தேறாது. அதே மஞ்சளில் அரக்குச் சிவப்பை வைத்தால் 10ஐத் தொடுகிறது. மங்கலமும் கெடவில்லை, எழுத்தும் தெரிகிறது. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து 1.1ஐக்கூட எட்டுவதில்லை. நடுப்பகலில் வரப்பில் நின்று பார்ப்பவருக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியாது. பஸ்ஸில் அந்தப் பெரியவர் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்: வயல் படத்தில் இளம்பச்சையாக இருந்த இடங்களிலெல்லாம் மஞ்சள் எண் கரைந்துபோயிருந்தது.

நிறத்தை மட்டுமே நம்பிச் சேதி சொல்லவும் கூடாது. பச்சைப் புள்ளி என்றால் இருப்பு, சிவப்புப் புள்ளி என்றால் தீர்ந்தது என்று வைத்தால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண் உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்தில் 'இருப்பு உண்டு' என்று எழுதிவிடுங்கள்.

## கல்லணையில் நாலு வழி

தளத்தின் மேலே வரும் பட்டியலை, அதாவது பக்கங்களுக்கு வழிகாட்டும் மெனுவை, கல்லணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். அங்கே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது. திருவையாற்றுக்குப் போவது எது, மன்னார்குடிப் பக்கம் போவது எது என்ற பெரிய முடிவு அங்கேயே எடுத்தாகிவிடுகிறது. அதற்குக் கீழேதான் கிளையாறுகளும் வாய்க்கால்களும். கடைசி வாய்க்கால் வரைக்கும் எல்லாவற்றையும் கல்லணையிலேயே பிரிக்க நினைத்தால் என்னவாகும்? பல தளங்களின் மெனு அப்படித்தான் இருக்கிறது. 'எங்களைப் பற்றி', 'எங்கள் நோக்கம்', 'எங்கள் பார்வை', 'நிறுவனர் செய்தி' என்று நாலு வாய்க்காலில் ஒரே தண்ணீர் ஓடுகிறது. விலைப்பட்டியல் எங்கே என்றுதான் தெரியவில்லை.

வருகிறவருக்கு மூன்று கேள்விகள்: இங்கே என்ன கிடைக்கும், கடை எங்கே இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும். முதல் பக்கத்தில், விரலால் ஒருமுறைகூடத் தள்ளாமல், இந்த மூன்றுக்கும் விடை தெரிய வேண்டும். 'நல்வரவு' என்று திரை முழுக்க எழுதுவதைவிட இதுதான் உண்மையான வரவேற்பு. தாத்தா காலத்தில் கடை தொடங்கிய கதை எனக்கும் பிடிக்கும். அதற்கு ஒரு தனிப்பக்கம் கொடுங்கள்.

புதுமையாகச் செய்கிறேன் என்று பொருள்களை வழக்கமான இடத்திலிருந்து மாற்றிவைப்பதும் வேண்டாம். பந்தியில் உப்பும் ஊறுகாயும் இலையில் இடப்பக்கம் மேலே இருக்கும் என்பது கைக்குத் தெரியும். கண் பார்க்க வேண்டியதில்லை. தளத்திலும் அப்படியே. கடைச் சின்னம் இடப்பக்கம் மேலே, அதைத் தொட்டால் முதல் பக்கம், அடிக்கோடிட்ட சொல் என்றால் இணைப்பு. மக்கள் தங்கள் நேரத்தில் பெரும்பகுதியை மற்றவர்களின் தளங்களில்தான் கழிக்கிறார்கள், ஆகவே உங்களுடையதும் அவற்றைப்போல இயங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பது ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் சொன்ன விதி. அடிக்கோடு போட்ட சொல் இணைப்பாக இல்லாவிட்டால், உப்பு என்று நினைத்துத் தொட்ட இடத்தில் சர்க்கரை இருந்ததைப் போலத்தான்.

## சிறு தவறுகள், பெரிய சேதம்

திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. குரோம் 2018இலேயே தானாக ஒலிப்பதற்குப் பெரும்பாலும் தடைபோட்டுவிட்டது. இசையை வைத்து, கேட்க விரும்புபவர் தொட்டுக் கேட்க விட்டுவிடுங்கள். தானாக நகரும் படவரிசையில் ஐந்தாவது படத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை, ஆனால் ஐந்தின் எடையையும் அவர்கள் சுமக்கிறார்கள். ஓடும் வரியில் விலையைப் போட்டால், படிக்கத் தொடங்கும்போதே அது ஓடிவிடும்.

முகவரியின் தொடக்கம் எச்டிடிபிஎஸ் என்று இருக்க வேண்டும். போனுக்கும் சர்வருக்கும் நடுவே போகும் தகவலை இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறை அது. இல்லாத தளங்களுக்கு 'பாதுகாப்பானது அல்ல' என்று குரோம் 2018 முதல் எச்சரிக்கை காட்டுகிறது. இதற்கான சான்றிதழ் இன்று இலவசமாகவே கிடைக்கிறது.

தளத்தின் முகவரி உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருந்தால், அவர் ஊர் மாறிய பிறகு புதுப்பிக்க வழியில்லாமல் பெயரையே இழக்க நேரும். விலை போடும் இடத்தில் தேதியையும் போடுங்கள். குறுவைக்குப் போட்ட விதை விலை சம்பா நடும்போதும் அப்படியே நின்றால், மற்ற தகவல்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

## கடைமடையில் நின்று பார்ப்பது

தளம் முடிந்துவிட்டது என்று தோன்றும் நாளில் வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டிலேயே பழைய போன் எதுவோ அதை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போங்கள். அங்கே திறந்து பாருங்கள். பிறகு, தளத்தை இதற்குமுன் பார்த்திராத ஒருவரிடம் போனைக் கொடுத்து ஒரு வேலை சொல்லுங்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 'இரண்டடி விளக்கு என்ன விலை என்று கண்டுபிடியுங்கள்' என்று சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் அவர் விரலை மட்டும் கவனியுங்கள்.

நாச்சியார்கோவில் பட்டறையில் இதை அந்தப் பெண்ணின் அத்தையிடம் செய்தோம். வாட்ஸ்அப் பார்ப்பார், வேறெதுவும் பழக்கமில்லை. போனை வாங்கியவர் மெனுவின் பக்கமே போகவில்லை. இரண்டடி விளக்கின் படத்தைத் தேடிப்பிடித்து, அதன் அன்னத்தின் மேலேயே விரலை வைத்துத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். விலைக்கான பொத்தானைப் படத்துக்குக் கீழே, மூன்று வரி தள்ளி வைத்திருந்தேன்.

"விளக்கைத் தொட்டால் விலை வராதா?" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார் அத்தை.

அன்று மாலையே பன்னிரண்டு படங்களையும் தொட்டால் விலை திறக்கும்படி மாற்றினேன்.